தேநீர் விருந்தும் அடிமை ஓலையும்: நம் பள்ளிகளில் அமெரிக்க வரலாறு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தலைப்பை நான் தந்தபோது செயலாளர் சற்றே தயங்கினார். "வரலாற்றுத் துறையினர் பேச வேண்டியதல்லவா அம்மா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். அவர் தயக்கம் நியாயமானதே. கம்பனும் இளங்கோவும் பாரதியும் உலவிய இம்மேடையில் அமெரிக்காவுக்கு என்ன வேலை? ஆயினும் மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் அமெரிக்க வரலாறு தமிழில்தான் கற்பிக்கப்படுகிறது. பாடத்தில் வருபவை தமிழ்ச் சொற்கள். சொல் வரும் இடத்தில் தமிழாசிரியருக்கும் கவிஞருக்கும் பங்கு உண்டு. அந்த உரிமையில்தான் இங்கு நிற்கிறேன்.

பட்டவகுப்பில் முதலாண்டுக்கு வரும் பிள்ளைகளிடம், பள்ளியில் படித்த சமூக அறிவியலில் எது நினைவிருக்கிறது என்று கேட்பது என் வழக்கம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் ஒருமுறை எழுந்து, "1773இல் அமெரிக்கர்கள் ஆங்கிலேயரை அழைத்துப் போஸ்டன் நகரில் தேநீர் விருந்து கொடுத்தார்கள் அம்மா, விருந்தில் சண்டை மூண்டு அது போராயிற்று" என்றான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவ்வாறே எண்ணியிருந்தனர். ஆண்டு சரி, ஊர் சரி, ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையும் சரி. பிழை அவனிடத்தில் இல்லை. 'தேநீர் விருந்து' என்று நம் பாடநூல்களிலும் வழிகாட்டி நூல்களிலும் அச்சாகியிருக்கும்போது அவன் வேறு எதை நினைப்பான்? அந்நிகழ்ச்சிக்கு அப்பெயர் அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே வழங்கலாயிற்று. அது எள்ளல் கலந்த பெயர். எள்ளலை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் பெயர்த்தோம். விருந்தோம்பலுக்குத் திருக்குறளில் ஓர் அதிகாரமே ஒதுக்கிய மொழியில் 'விருந்து' என்றால் இலை போட்டுத்தானே ஆக வேண்டும்?

நடந்தது என்ன? 1773 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, போஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களில் ஏறி, 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அத்தேயிலை யாருடையது என்பதுதான் நம் ஆசிரியர்கள் நின்று நிதானிக்க வேண்டிய இடம். அது கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. நம்மை ஆளவந்த அதே கம்பெனி. 1770இல் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் சூறையாடியது. கம்பெனியோ பெரும் கடனில் மூழ்கி, இங்கிலாந்து அரசின் உதவியை வேண்டி நின்றது. அதன் கிடங்குகளில் தேங்கிக்கிடந்த சீனத் தேயிலையை அமெரிக்கக் குடியேற்றங்களின் தலையில் கட்டுவதற்கே 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் வந்தது. அந்தப் பெட்டிகளின் பின்னே வங்காளத்து உழவனும் நின்றான் என்பதை நம் பாடம் சொல்வதில்லை.

மதுரைக்கு வருவோம். 1764இல் யூசுப்கான் எனும் மருதநாயகம் இந்நகரில் தூக்கிலிடப்பட்டான். சம்மட்டிபுரத்தில் அவன் சமாதி இருக்கிறது. நவாபுக்கும் கம்பெனிக்கும் வரி வசூலித்துக் கொடுத்தவன், அவர்களையே எதிர்த்து நின்றதால் வந்த முடிவு அது. அதே 1764இல்தான் அமெரிக்கக் குடியேற்றங்களின்மீது சர்க்கரைச் சட்டம் பாய்ந்தது. மறு ஆண்டு முத்திரைச் சட்டம். ஒரே பேரரசின் வரிப்பசி இரண்டு கரைகளில் ஒரே காலத்தில் செய்த வேலை இது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1781 அக்டோபரில் யார்க்டவுன் என்னுமிடத்தில் வாஷிங்டனின் படைகளிடம் சரணடைந்த ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ். அமெரிக்கப் பாடம் அவரை அத்துடன் விட்டுவிடுகிறது. அவரோ வீட்டில் முடங்கவில்லை. 1786இல் இந்தியாவுக்குத் தலைமை ஆளுநராக வந்தார். மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவை வென்று, 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்வழி அவனது நாட்டில் பாதியைப் பறித்துப் பங்கிட்டார். கம்பெனிக்குக் கிடைத்த பங்கில் நம் திண்டுக்கல் சீமையும் ஒன்று. அங்கே இழந்தவர் இங்கே பெற்றார். திண்டுக்கல் மலைக்கோட்டைக்குச் சுற்றுலா செல்லும் பிள்ளைகளிடம், கோட்டைச் சுவரைக் காட்டி, "இது கம்பெனியின் கைக்கு வந்த கதை யார்க்டவுனில் தொடங்குகிறது" என்று ஓர் ஆசிரியர் சொன்னால் அந்தப் பாடம் மறக்குமா? நம் மாணவர் மனத்திலோ இரண்டு காரன்வாலிஸ்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஒன்பதாம் வகுப்பில் 'புரட்சிகளின் காலம்' என்னும் பாடத்தில் தோற்பவர். மற்றவர் இந்திய வரலாற்றில் நிலையான நிலவரித் திட்டம் கொண்டுவந்தவர். இருவரும் ஒருவரே என்று கூறியதும் என் மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பருத்தியின் கதையும் இவ்வாறே. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் நம் வகுப்புகளில் பெரும்பாலும் ஆபிரகாம் லிங்கனின் படத்தோடு முடிந்துவிடுகிறது. அப்போரில் வட மாநிலங்களின் கப்பற்படை தென் மாநிலங்களின் துறைமுகங்களை முற்றுகையிட்டது. லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வரவில்லை. ஆங்கில வணிகர் இந்தியப் பருத்தியைத் தேடி வந்தனர், விலை ஏறியது, போர் முடிந்ததும் விலை சரிந்தது. கரிசல் இலக்கியம் என்று நாம் கொண்டாடும் இலக்கியத்தின் அடியில் உள்ள மண் இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ட மண். தொலைவில் அடிமைகளின் கைகள் பறித்த பஞ்சு நின்றபோதுதான் இங்கே கரிசல் பஞ்சுக்குக் கிராக்கி வந்தது என்பதை எந்தப் பிள்ளைக்கும் சொல்லலாம். அவர்கள் வீட்டில் பருத்தி எடுக்கத் தெரிந்த பாட்டி ஒருவர் இன்னும் இருக்கக்கூடும்.

அமெரிக்கர்கள் இங்கு நடத்திய பள்ளிகளைப் பற்றி இந்நகரத்தார்க்கு நான் சொல்லத் தேவையில்லை. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கச் சமயப் பணியினர், 1881இல் பசுமலையில் தோன்றிப் பின்னர் வைகையின் வடகரைக்கு வந்த அமெரிக்கன் கல்லூரி, 1948இல் பெண்களுக்கென எழுந்த லேடி டோக் கல்லூரி எனக் கண்முன்னே நிற்கும் சான்றுகள் பல. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அவர்கள் நடத்திய கல்விக்கூடத்தில் பயின்றவரே, கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம் பிள்ளை. வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்தது. அதனைப் புரட்டாத தமிழாய்வாளர் குறைவு. அமெரிக்கா நமக்கு அயலூர் அன்று என்பதற்கு இவ்வளவு போதும்.

இனி, நான் பேச வந்த இடத்திற்கு வருகிறேன்.

'அமெரிக்க சுதந்திரப் போர்' என்கிறோம். சுதந்திரம் என்ற சொல்லுக்குச் சிற்றூர்களில் வேறொரு பொருள் இருந்தது. அறுவடைக் களத்தில் ஊர்ப்பணியாளர்க்கும் பரம்பரை உரிமையாளர்க்கும் அளந்து தரும் நெற்பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர். தமிழ் விவிலியத்தில் 'சுதந்தரவாளி' என்றால் மரபுரிமையாகச் சொத்தைப் பெறுபவன். விடுதலை என்னும் பொருள் அச்சொல்லில் ஓங்கியது பிற்காலத்தில்தான். இதனை ஏன் சொல்கிறேன் என்றால், 1776 ஜூலை 4ஆம் நாள் அறிக்கையை எழுதியவர்கள் பேசிய விடுதலையும் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கு நீங்காத விடுதலையாகவே இருந்தது. மாந்தர் அனைவரும் நிகராகப் படைக்கப்பட்டனர் என்று எழுதிய ஜெபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உடைமையாளராக இருந்தவர். அவர் எழுதிய முதல் வரைவில், அடிமை வணிகத்திற்காக இங்கிலாந்து மன்னரைச் சாடும் ஒரு பகுதி இருந்தது. அவையினர் அதனை நீக்கிவிட்டனர். சுவடி படிக்கும் நமக்குப் பாடவேறுபாடு புதிதன்று. ஆனால் இப்படியொரு நீக்கப்பட்ட பாடத்தால் இலட்சக்கணக்கானோர் வாழ்வு தீர்மானிக்கப்பட்டது உலகில் அரிது. உ.வே. சாமிநாதையர் பதிப்பித்திருந்தால் அதனை அடிக்குறிப்பிலாவது காத்திருப்பார்!

1787இல் எழுதப்பட்ட அரசியலமைப்பிலோ 'அடிமை' என்ற சொல்லே இல்லை. ஏனைய மனிதர்கள் என்று சுற்றிவளைத்துச் சொல்லி, மக்கள்தொகைக் கணக்கில் அவர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினார்கள். 1865இல் பதின்மூன்றாம் திருத்தத்தில்தான் அச்சொல் முதன்முதலாக உள்ளே வருகிறது, ஒழிப்பதற்காக வருகிறது. எழுதக் கூசிய சொல்லை எண்பது ஆண்டுகள் வாழ்வில் நடத்தினார்கள் என்பது எவ்வளவு பெரிய வரலாறு! அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. 2015இல் டெக்சாஸ் மாநிலப் பள்ளியில் வழங்கிய புவியியல் பாடநூல் ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களைத் 'தொழிலாளர்' என்று குறித்தது. ஒரு மாணவனின் தாய் அதனைச் சுட்டிக்காட்டிய பிறகு பதிப்பகம் திருத்த ஒப்புக்கொண்டது. 2021 முதல் அந்நாட்டின் பல மாநிலங்கள் இனவேற்றுமை பற்றிப் பள்ளியில் எதை, எப்படிச் சொல்லலாம் என்று வரையறுக்கும் சட்டங்களை இயற்றியுள்ளன. அவர்கள் வீட்டுப் பாடத்தை அவர்களே கேட்கத் தயங்குகிறார்கள்.

நமக்கு நேர்மாறான சிக்கல். அச்சொல்லை நாம் தாராளமாக எழுதுகிறோம். ஆனால் தமிழில் 'அடிமை' தூய சொல்லாகிவிட்டது. அடியார், அடியேன், ஆட்பட்டேன் என்றெல்லாம் ஆயிரம் ஆண்டுகளாகப் பக்தி இலக்கியம் அதனைப் பொன்முலாம் பூசிவைத்திருக்கிறது. பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட கதையை நினைத்துப் பாருங்கள். முதியவர் ஒருவர் திருமணப் பந்தலுக்கு வந்து, "உன் பாட்டன் தானும் தன் வழிவந்தோரும் எனக்கு அடிமை என்று எழுதித்தந்த ஓலை இது" என்று நீட்டுகிறார். நாம் இறைவனின் திருவிளையாடலில் உருகிவிடுகிறோம், ஓலையைப் பார்ப்பதில்லை. வழிவழி அடிமை என்பதற்கு ஓலை எழுதுவதும், அதனை ஊரவை கேட்டுத் தீர்ப்பதும் அன்றைய கேட்போர்க்குப் பழகிய செய்தியாக இருந்தமையால்தான் சேக்கிழார் அதனைக் கதையாக்க முடிந்தது. தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டோரைச் சோழர் கல்வெட்டுகள் கூறுகின்றன. அக்கதையிலேயே, அந்தணர் பிறிதோர் அந்தணர்க்கு அடிமையாதல் உண்டோ என்று நம்பியாரூரர் சினந்து கேட்கிறார். யார் அடிமையாகலாம், யார் ஆகக்கூடாது என்பதைப் பிறப்பு முடிவுசெய்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? வர்ஜீனியாவில் 1662இல் ஒரு சட்டம் வந்தது: தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. பிறப்பே ஓலையாயிற்று அங்கே.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்துவதைப் பக்திக்கு இழுக்கென்று சிலர் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று அறிவித்த சட்டம் 1843இல் வந்தது. அமெரிக்காவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னர். ஆயினும் பண்ணையாளும் படியாளும் நம் வயல்களில் அதற்குப் பின்னும் இருந்தனர். ஒன்பதாம் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து 'அடிமை' என்று உரக்க வாசிக்கும் பிள்ளையின் பூட்டன் படியாளாக இருந்திருக்கலாம். அருகில் அமர்ந்திருப்பது படி அளந்தவரின் பேரப்பிள்ளையாக இருக்கலாம். ஆசிரியர் அந்தச் சொல்லை எந்தக் குரலில் சொல்கிறார்?

இங்கேதான் நம் இலக்கணம் துணைக்கு வருகிறது. தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். நிறவேற்றுமையையும் சாதியையும் ஒன்றென்று சொல்வோர் மெய்யிலும் உருவிலும் ஒப்புமை தேடி இடறுகின்றனர். இங்கே தோலைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஒப்புமை வினையிலும் பயனிலும் உள்ளது: என்ன செய்தார்கள், அதனால் என்ன விளைந்தது என்பதில். 1959இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்துப் பள்ளி ஒன்றுக்குச் சென்றபோது, அப்பள்ளித் தலைவர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். முதலில் தாம் அதிர்ந்ததாகவும், பின் எண்ணிப்பார்த்து ஆம் என்று ஏற்றதாகவும் 1965இல் ஆற்றிய உரையில் கிங் சொன்னார். உருவத்தில் இல்லாத ஒப்புமையை வினையில் கண்டுகொண்ட மனம் அது. மராட்டியத்து ஜோதிராவ் புலே இதனை முன்னரே கண்டிருந்தார். 1873இல் வெளிவந்த தம் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்கு அவர் படைத்தார்.

அமெரிக்கச் சட்டம் கறுப்பின ஆடவர்க்கு 1870இலேயே வாக்குரிமை தந்தது. தென் மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, வாக்குவரி என்று வேலி போட்டு அதனைத் தடுத்தன. 1965இல் புதிய சட்டம் வந்தபிறகே அவ்வேலி சாய்ந்தது. இதனைப் படிக்கும் நம் பிள்ளைக்கு அலபாமா எங்கே என்று தெரியாமலிருக்கலாம், பாப்பாபட்டி தெரியும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடக்க இயலவில்லை. வேட்புமனு இல்லை, அல்லது வென்றவர் உடனே பதவி விலகினார். 2006இல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர். மேலவளவில் நடந்தது இன்னும் கொடியது. 1997 ஜூன் மாதம் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன்வந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டித் தேர்தலை நடத்திமுடித்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் அவர்களே, பின்னாளில் பள்ளிக் கல்வித்துறையில் பொறுப்பேற்று, 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களின் உருவாக்கத்தில் முன்னின்றார் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

எனினும் ஓர் ஆசிரியர் வகுப்பில் பாப்பாபட்டியைப் பேசிவிட முடியுமா? இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள். மாலையில் இரு தரப்புப் பெற்றோரும் பள்ளி வாசலுக்கு வருவார்கள். ஆசிரியரின் அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். அமெரிக்க வரலாற்றின் அருமையே இங்குதான் இருக்கிறது. அது தொலைவில் இருக்கிறது. அகப்பாடலில் எருமை தாமரையை மேய்வதைப் புலவர் பாடுவார். தலைவனைப் பற்றி ஒரு சொல்லும் வராது. கேட்கும் தலைவிக்கு எல்லாம் விளங்கும். உள்ளுறை என்று நாம் கற்பிப்பது இதனையே. சமூக அறிவியல் பாடத்திலும் உள்ளுறை உண்டு என்கிறேன். ஆசிரியர் அலபாமாவை ஒழுங்காகச் சொல்லட்டும். பிள்ளை தன் ஊரைத் தானே கண்டுகொள்ளும்.

எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவர் மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பணியாற்றுகிறார். பாடநூலைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, 1957இல் லிட்டில் ராக் நகரில் வெள்ளையர் மட்டுமே பயின்றுவந்த உயர்நிலைப் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைந்த கதையைச் சொன்னார். கூட்டம் வழிமறித்ததையும், குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் படையை அனுப்பி அவர்களைப் பள்ளிக்குள் கொண்டுசென்றதையும் சொன்னார். முடித்ததும் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், அந்தப் பள்ளிக்கூடத்துல தண்ணிப் பானை ஒண்ணா ரெண்டா?" என்று கேட்டாள். வகுப்பு அப்படியே அமைதியாயிற்றாம். யாரும் யாரையும் பார்க்கவில்லையாம். ஆசிரியை, "அங்கே தெற்குப் பகுதியில் பல இடங்களில் குழாயே இரண்டு இருந்தது, ஒவ்வொன்றின் மேலும் பலகை மாட்டியிருந்தார்கள்" என்று மட்டும் விடை சொல்லியிருக்கிறார். அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்க்காததே அவருடைய புலமை.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோளோடு அமைகிறேன். மதுரைச் சேதுபதி பள்ளியில் 1904இல் தமிழாசிரியராக இருந்த பாரதி, பின்னாளில் வால்ட் விட்மனைப் பற்றி எழுதினார். நம் புதுக்கவிதையும் விட்மனிடம் கடன்பட்டது. உள்நாட்டுப் போரில் காயம்பட்டோர் படுத்திருந்த மருத்துவமனைகளில் அவர் பணிவிடை செய்த செய்தியை, விட்மனை வாசித்த நீங்கள் பக்கத்துப் பள்ளிக்குப் போய்ச் சொல்லலாம். இன்னொன்று: படியாள், பண்ணையாள், களத்துச் சுதந்திரம் போன்ற பழஞ்சொற்களை அறிந்த முதியோர் ஊர்தோறும் குறைந்துவருகின்றனர். வட்டத்தின் உறுப்பினர்கள் தத்தம் ஊரில் அச்சொற்களைக் கேட்டு, சொன்னவரின் வாய்மொழி விளக்கத்தோடு எழுதிக்கொண்டுவந்தால், தொகுத்துச் சிறு நூலாக்கி ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு வழங்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். 'தேநீர் விருந்து' என்பதற்கு எள்ளல் குன்றாத தமிழ்த்தொடர் ஒன்றையும் யாரேனும் ஆக்கித் தந்தால் அந்நூலின் முதற்பக்கத்தில் அச்சிடுவோம். அடுத்த மாதக் கூட்டத்திற்கு முதல் பட்டியலைக் கொண்டுவாருங்கள்.